ஓவியர் இருக்கும் டீமுக்கு எந்த கேம் ஜாம்? டர்பனிலிருந்து ஓர் ஒப்பீடு

கேம் ஜாம் என்றால் குறித்த நேரத்துக்குள் ஒரு ஆட்டத்தைச் செய்து முடிக்கும் போட்டி. கேம் செய்யும் ஆசையோடு இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் முதலில் எழும் பேச்சு, எந்தப் போட்டியில் இறங்கலாம் என்பதுதான். அதற்குப் பதில் சொல்பவர் பெரும்பாலும் கோடு (கணினி நிரல்) எழுதுகிறவர். எந்த எஞ்சின் (ஆட்டம் செய்ய உதவும் மென்பொருள்), எத்தனை மணி நேரம், எத்தனை பேர் கலந்துகொள்கிறார்கள் என்று கணக்குப் போட்டு முடித்துவிடுவார். படம் வரைகிறவர் கடைசியில்தான் வந்து சேர்வார். "ஒரு ஹீரோ, நாலு எதிரி, ஒரு பேக்ரவுண்ட், ஞாயிறு மதியத்துக்குள் வேண்டும்" என்று ஒரு பட்டியல் அவர் கைக்குப் போகும். இப்படித் தொடங்கிய டீம்கள் அடுத்த போட்டிக்கும் ஒன்றாக வருவதை நான் அதிகம் பார்த்ததில்லை.

அதனால் இந்த ஒப்பீட்டை ஓவியரின் பக்கம் நின்றே எழுதுகிறேன். வரைய அவருக்கு நேரம் கிடைக்கிறதா, அவர் வேலை தனியாகக் கவனிக்கப்படுகிறதா, பார்த்தவர்கள் உருப்படியாக ஏதாவது சொல்கிறார்களா? தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் இருக்கிற நம் பிள்ளைகளில் கை நன்றாக ஓடுகிறவர்கள் நிறையப் பேர். கோயில் திருவிழாவுக்குக் கோலம் போடுவதிலும் ரதம் ஜோடிப்பதிலும் அது தெரியும். அவர்களை இழுத்துப் பிடித்து வைக்கும் போட்டி எது என்பதுதான் என் கவலை.

எடுத்துக்கொண்டவை நான்கு: லுடும் டேர், ஜிஎம்டிகே ஜாம், குளோபல் கேம் ஜாம், ஜேஎஸ்13கே. பணத்துக்காக யாரும் இவற்றில் இறங்குவதில்லை.

லுடும் டேர்

2002-இல் தொடங்கியது. முக்கியமான பிரிவு இரண்டு. காம்போ என்பது 48 மணி நேரம், தனி ஆள், படம் முதல் சத்தம் வரை எல்லாவற்றையும் அந்த நேரத்துக்குள் அவரே செய்ய வேண்டும். ஜாம் என்பது 72 மணி நேரம், டீமாக வரலாம். நமக்கு இரண்டாவதுதான்.

இங்கே ஓவியருக்கு ஒரு பெரிய நன்மை இருக்கிறது. மதிப்பெண் பிரித்துப் போடப்படுகிறது: வேடிக்கை, புதுமை, தலைப்பு, கிராஃபிக்ஸ், ஆடியோ, நகைச்சுவை, மனநிலை என்று தனித்தனிப் பட்டியல். ஆட்டம் சுமாராக இருந்தாலும் கிராஃபிக்ஸில் முன்னே நிற்க முடியும். வேறு யாரோ செய்த படங்களை எடுத்துப் போட்டால் அந்தப் பிரிவிலிருந்து நீங்களே விலகிக்கொள்ள வேண்டும். அதாவது சொந்தமாக வரைந்தவர் சொந்தமாக வரைந்தவர்களோடு மட்டும் ஒப்பிடப்படுகிறார். இது நியாயமான ஏற்பாடு, வேறு இடங்களிலும் இது வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

மதிப்பெண் வர குறைந்தது 20 பேர் உங்கள் ஆட்டத்துக்கு ரேட்டிங் கொடுத்திருக்க வேண்டும். நீங்கள் பிறர் ஆட்டத்தை விளையாடிக் கருத்து எழுதினால்தான் அவர்கள் உங்களிடம் வருவார்கள். வாக்களிக்கும் காலம் வாரக்கணக்கில் நீள்வதால், அவசரமில்லாமல் நல்ல கருத்துகள் வந்து சேரும். "நிழல் ஒரு பக்கம் விழுகிறது, வெளிச்சம் வேறு பக்கமிருந்து வருகிறது" என்று ஒருவர் எழுதியது எங்கள் ஓவியருக்கு ஒரு வகுப்புக்குச் சமம்.

தென்னாப்பிரிக்காவுக்கு இந்தப் போட்டியோடு பழைய உறவும் உண்டு. கேப் டவுனில் இருக்கும் ஃப்ரீ லைவ்ஸின் ப்ரோஃபோர்ஸ், 2012 ஏப்ரல் லுடும் டேருக்கு ரேம்ப்ரோஸ் என்ற பெயரில் செய்யப்பட்ட சின்ன ஆட்டம். 2015-இல் முழு ஆட்டமாக வந்தது. அதே நிறுவனத்தின் டெர்ரா நில் 2019 அக்டோபர் போட்டியில் பிறந்தது. அந்த முறை தலைப்பு 'ஒன்றுமில்லாமல் தொடங்கு' என்ற பொருளில் இருந்தது. பாழ்நிலத்தில் தொடங்கிப் பச்சை பிடிக்க வைக்கும் ஆட்டம் அதற்குக் கச்சிதமாக அமைந்தது. 2023-இல் அதுவும் கடைக்கு வந்தது.

சிரமம் நேரத்தில்தான். வழக்கமாக நம் கடிகாரத்துக்குச் சனிக்கிழமை விடியற்காலை 3 மணிக்குத் தொடங்கும். மூன்றாவது நாள் திங்கள்கிழமை, பள்ளி, வேலை. 72 மணி நேரம் என்று சொன்னாலும் நம் கைக்கு வருவது இரண்டு நாள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமீப ஆண்டுகளில் ஏப்ரலிலும், செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபர் தொடக்கத்திலும் நடக்கிறது. 2024-இல் ஏப்ரல் 12 முதல் 15 வரை வந்தது. நடுவில் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் புத்தாண்டு. இன்னொன்று புரட்டாசிக்குள் விழும். அந்த வார இறுதியில் டீமுக்கு பீன்ஸ் பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து உள்ளே கறி ஊற்றித் தரும் டர்பன் உணவு) வாங்கி வையுங்கள், மட்டன் கிடையாது.

ஜிஎம்டிகே ஜாம்

மார்க் பிரவுன் என்பவர் யூடியூபில் கேம் வடிவமைப்பைப் பற்றிப் பேசும் கேம் மேக்கர்ஸ் டூல்கிட் (சுருக்கமாக ஜிஎம்டிகே) என்ற சேனல் நடத்துகிறார். அவர் 2017 முதல் நடத்துவது இது. முன்பு 48 மணி நேரம், 2024-இலிருந்து 96 மணி நேரம். நடக்கும் இடம், சொந்தமாகச் செய்த ஆட்டங்களைப் பதிவேற்றும் இட்ச் இணையத்தளம். பிரிட்டனின் கோடைக்கால நேரத்துக்கும் நமக்கும் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம் என்பதால் தூக்கம் கெடாது.

நான்கு நாள் என்பது ஓவியருக்கு நல்ல நேரம். முதல் நாள் கிறுக்கிப் பார்த்து, இரண்டாம் நாள் நிறம் தேர்ந்து, மூன்றாம் நாள் அனிமேஷன் செய்யலாம். ஆனால் கூட்டம் மிக அதிகம். 2024-இல் மட்டும் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் வந்தன. இட்ச் தளத்தில் ஒரு கணக்கு இருக்கிறது: எல்லா ஆட்டங்களுக்கும் வந்த வாக்குகளின் நடு எண்ணை விட உங்களுக்குக் குறைவாக வந்திருந்தால், உங்கள் மதிப்பெண் அதற்கேற்பக் குறைக்கப்படும். சின்ன டீம், தெரிந்தவர் யாரும் இல்லை என்றால், நல்ல படமும் அந்தக் கணக்கில் அடிபட்டுவிடும். மார்க் பிரவுன் தனக்குப் பிடித்தவற்றை வீடியோவில் காட்டுவார், அதில் இடம் பிடித்தால் பெரிய விஷயம். அதை நம்பி முதல் போட்டியாக இதை எடுக்க நான் சொல்ல மாட்டேன்.

குளோபல் கேம் ஜாம்

2009-இல் தொடங்கிய இது உண்மையில் போட்டியே இல்லை. தரவரிசை கிடையாது. ஜனவரி கடைசியில், உலகெங்கும் பல ஊர்களில் ஆட்கள் ஓரிடத்தில் கூடி, கொடுக்கப்பட்ட தலைப்பில் ஆட்டம் செய்வார்கள். இப்போது ஒரு வாரத்துக்குள் அந்தந்த இடத்தார் தங்களுக்குத் தோதான நாள்களைத் தேர்ந்துகொள்கிறார்கள். டர்பனில் இடம் உண்டா என்று அந்தந்த ஆண்டுப் பட்டியலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டீமே இல்லாதவர்களுக்கு இதுதான் முதல் கதவு. தனியாகப் போய், பலகையில் தங்கள் யோசனையை ஒட்டும் ஆட்களைப் பார்த்து, பிடித்தவரோடு உட்காரலாம். ஓவியர்களுக்கு எப்போதும் தட்டுப்பாடு, அதனால் வரையத் தெரிந்தவர் தேடிப் போக வேண்டியதில்லை, நாலு பேர் தேடி வருவார்கள். ஒரே மேசையில் உட்கார்ந்தால் வேலையும் வேறு மாதிரி நடக்கும். "இந்தக் கை கொஞ்சம் நீளம்" என்று தோள் மேல் எட்டிப் பார்த்துச் சொல்வது, நாற்பது வாட்ஸ்அப் செய்தியை மிச்சப்படுத்தும்.

இரண்டு விஷயம் கவனியுங்கள். தைப்பூசம். 2024-இல் ஜாம் ஜனவரி 22 முதல் 28 வரை, தைப்பூசம் 25-ஆம் தேதி. கொடியேற்றத்திலிருந்து விரதம் இருப்பவர், காவடி எடுப்பவர் வீட்டில் அந்த வாரம் யாரையும் கணினி முன் உட்கார வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. இரண்டாவது, அங்கே ஏற்றும் ஆட்டங்கள் மூலக் கோப்புகளோடு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் போகின்றன. உரிமை உங்களிடமே இருக்கும், ஆனால் வணிகம் அல்லாத வகையில் மற்றவர்கள் எடுத்து மாற்றலாம். பல வருடமாக மனதில் வைத்திருக்கும் சொந்தக் கதாபாத்திரத்தை அங்கே இறக்க ஓவியருக்குச் சம்மதமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஜேஎஸ்13கே

என் மனம் சாய்வது இங்கேதான். 2012-இல் தொடங்கியது. ஆகஸ்ட் 13 முதல் செப்டம்பர் 13 வரை ஒரு மாதம். தொடங்குவதும் முடிவதும் மத்திய ஐரோப்பியக் கோடை நேரப்படி மதியம் 1 மணி, நம் கடிகாரத்திலும் அதே மதியம் 1 மணி. நிபந்தனை ஒன்றுதான் பெரியது: பிரவுசரில் ஓடும் ஆட்டம், ஜிப் செய்த பிறகு 13 கிலோபைட்டுக்குள், அதாவது 13,312 பைட்டுக்குள் இருக்க வேண்டும். படம், சத்தம், கோடு எல்லாம் சேர்த்து. வெளியிலிருந்து எழுத்துருகூட இறக்கக் கூடாது.

கேட்டவுடன் "அப்போ ஓவியருக்கு என்ன வேலை?" என்றுதான் தோன்றும். கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் அடுக்கடுக்காகத் தீட்டிப் பழகியவருக்கு இது ஒத்துவராது, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் பிக்சல் போடுகிறவருக்கு, அதாவது சின்னச் சின்னக் கட்டங்களை நிரப்பிப் படம் செய்கிறவருக்கு, இதைவிட நல்ல களம் நான் பார்த்ததில்லை, ஏனென்றால் அவர் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் நேராக ஆட்டத்தில் தெரியும்.

ஒரு காவடியை எடுத்துக்கொள்வோம். 16-க்கு 16 கட்டம், நாலு நிறம். ஒரு பிக்சலுக்கு 2 பிட் வீதம் 256 பிக்சலுக்கு 64 பைட். எங்கள் ஓவியர் ஃபீனிக்ஸில் வளர்ந்தவர், சனிக்கிழமை வகுப்பில் தமிழ் படித்தவர். அவர் இடது பாதியை மட்டும் வரைந்தார், வலது பாதியைக் கோடு கண்ணாடி மாதிரித் திருப்பிப் போட்டுக்கொண்டது. 32 பைட்டில் முடிந்தது. மயிலிறகின் கண்ணைக் காட்ட இடம் போதவில்லை. "வளைவு இருந்தா போதும்ணா, காவடின்னு தெரிஞ்சிடும்" என்றார். நீலத்தை எடுத்துவிட்டு மஞ்சளை இரண்டு சாயலாக வைத்தார். சின்னத் திரையில் காவடி காவடியாகவே நின்றது. இப்படிப்பட்ட வேலையில் ஓவியரும் கோடு எழுதுகிறவரும் ஒரே கோப்பைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பட்டியல் கொடுத்து வாங்கும் பழக்கம் தானாகவே போய்விடுகிறது.

சத்தத்துக்கு இசட்இசட்எஃப்எக்ஸ் என்ற குட்டிக் கருவி இருக்கிறது, சில எண்களைக் கொடுத்தால் ஒலி உருவாகும். மேளச் சத்தம் ஓரளவு வரும், நாதஸ்வரம் வராது. கடைசியில் எழுதிய நிரலின் அளவைச் சுருக்க ரோட்ரோலர் என்ற கருவி இருக்கிறது.

நம் ஊருக்கு இது பொருந்துவதற்கு இன்னும் காரணம் உண்டு. 2023 மாதிரி மின்வெட்டு திரும்ப வந்தால் 48 மணி நேரப் போட்டியில் ஒரு நாளைக்கு இரண்டு வெட்டு விழுந்தாலே ஆட்டம் போச்சு. ஒரு மாதப் போட்டிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. டேட்டா செலவும் அப்படித்தான். வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் ஆணையத்தின் விசாரணைக்குப் பிறகு, 2020 ஏப்ரலில் வோடகாம் என்ற மொபைல் நிறுவனம் 1 ஜிபி மாதப் பேக்கை 149 ராண்டிலிருந்து 99 ராண்டுக்கு இறக்கியது. அப்படியும் போனில் டேட்டா ஏற்றிக் காலம் தள்ளும் வீடுகளுக்கு அன்று அது சின்னத் தொகையாக இல்லை. பெரிய எஞ்சினில் செய்த ஆட்டம் பல மெகாபைட் இழுக்கும். இதைப் பாட்டியின் போனில்கூடத் திறந்து காட்டலாம். இருநூறைச் சுற்றித்தான் ஆட்டங்கள் வருகின்றன, அதனால் கூட்டத்தில் தொலைந்து போகவும் மாட்டீர்கள்.

இதன் குறை, ஒரு மாதம் என்பதே. முதல் இரண்டு வாரம் யாரும் எதுவும் செய்யாமல் ஓடிவிடும். வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் கண்டிப்பாகச் சேர்ந்து உட்கார வேண்டும், இல்லாவிட்டால் செப்டம்பர் 11 இரவு எல்லாம் ஒன்றாகத் தலையில் விழும்.

ஓவியத்துக்கு மட்டுமான போட்டிகள்

டிஜிட்டல் ஓவியப் போட்டிகளுக்குத் தனியாகப் போகலாமே என்று சிலர் கேட்கிறார்கள். போகலாம், ஆனால் அங்கே டீம் என்பதற்கு வேலை குறைவு. விதிகளில் ஒன்றைத் தேடிப் படியுங்கள்: அனுப்பிய எல்லாப் படங்களும் நடத்துபவருக்குச் சொந்தமாகுமா, ஜெயித்தது மட்டுமா, எதுவும் ஆகாதா? எல்லாம் அவர்களுக்கே என்று இருந்தால் ஒதுங்கிவிடுங்கள். லோகோ, சுவரொட்டி கேட்கும் போட்டிகளில் இது அடிக்கடி வரும். செய்த வேலையை மக்கள் முன் வைக்க ஜோஹன்னஸ்பர்க்கில் 2014 முதல் நடக்கும் ஃபகுகேசி விழாவும், கேப் டவுனின் பிளேடோப்பியாவும் இருக்கின்றன. முதலாவதே நமக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல், பெட்ரோலையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சரி, யாருக்கு எது?

டீம் இல்லையென்றால் குளோபல் கேம் ஜாம். டீமில் பிக்சல் போடுகிறவர் இருந்தால் ஜேஎஸ்13கே, யோசிக்கவே வேண்டாம். தீட்டுகிறவர் இருந்தால் லுடும் டேர் ஜாம், அந்தத் திங்கள்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு. ஜிஎம்டிகே, மற்றவற்றில் ஒன்றையாவது சேர்ந்து முடித்து, உங்கள் ஆட்டத்தைத் திறந்து பார்க்க நாலு பேர் இருக்கிறார்கள் என்ற நிலை வந்த பிறகு.

எதில் இறங்கினாலும், ஆட்டத்தைப் பதிவேற்றும் கணக்கு பெரும்பாலும் கோடு எழுதுகிறவருடையதாகத்தான் இருக்கும். இட்ச் பக்கத்தில் ஓவியரை நிர்வாகியாகச் சேர்த்து, பங்களித்தவர்கள் பெயரைக் காட்டும் வசதியையும் இயக்கினால்தான் அவர் பெயர் அங்கே தெரியும். லுடும் டேரிலும் டீம் உறுப்பினராகச் சேர்க்கும் இடம் இருக்கிறது. கடைசி மணி நேரத்தில் இது மறந்துபோகும், அதனால் பக்கத்தை உருவாக்கும் முதல் நாளே சேர்த்துவிடுங்கள். நாளை அந்தப் பிள்ளை வேலைக்கோ கல்லூரிக்கோ விண்ணப்பிக்கும்போது காட்டுவதற்கு அந்த இணைப்புதான் இருக்கும்.