ஊரில் குழந்தை பேட்டரி விழுங்கினால்: ஓர் இரவு அனுபவம்

வெளிநாட்டிலிருந்து சின்னக் குழந்தையோடு ஊருக்குப் போகிறவர்கள் இறங்கியதும் ஒன்றை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். நடுராத்திரியிலும் குழந்தைகளுக்கு எண்டோஸ்கோபி (வாய்வழியே கேமராக் குழாய் விட்டு, உள்ளே சிக்கியதை எடுப்பது) செய்யும் ஆஸ்பத்திரி எது, மயக்க மருத்துவர் அங்கே எந்நேரமும் இருப்பாரா? பக்கத்துத் தெரு கிளினிக்கின் நம்பரை விட இது முக்கியம்.

என் தங்கை மகனுக்கு ஒன்றரை வயது. அலங்கார விளக்கின் சின்ன ரிமோட் திறந்து கிடந்தது, உள்ளே இருந்த வட்டப் பேட்டரியைக் காணோம். பையன் அழக்கூட இல்லை. எச்சில் மட்டும் விடாமல் ஒழுகியது, எதைக் கொடுத்தாலும் தள்ளிவிட்டான். முதலில் போன கிளினிக்கில், "நல்லா சாப்பிட வையுங்கம்மா, காலையில மோஷன்ல வந்துடும்" என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். வயிற்றுக்குள் இறங்கிவிட்ட காசுக்கு வேண்டுமானால் அது பொருந்தும். உணவுக்குழாயில் சிக்கிய பேட்டரிக்குப் பொருந்தவே பொருந்தாது.

பேட்டரி உடைந்து உள்ளே இருக்கும் மருந்து கசிந்தால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். உடையவே வேண்டாம். ஈரமான சதையில் பட்டதும் மின்சாரம் ஓடி, பேட்டரியின் மைனஸ் முனைப் பக்கம் சதையை அரிக்கும் கடும் காரம் (ஆல்கலி) உண்டாகிறது. 2 மணி நேரத்திற்குள் அது உணவுக்குழாயை ஆழமாகப் புண்ணாக்கிவிடும். சிஆர் 2032 என்று பொறித்திருக்கிறதே, அதில் 20 என்பது மில்லிமீட்டரில் அதன் அகலம். குழந்தையின் தொண்டைக்குக் கீழே சிக்கிக்கொள்ளும் அளவு அது. ரிமோட்டை இயக்கச் சக்தியில்லாத பழைய பேட்டரிகூடப் புண்ணாக்கும்.

நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாசலில் இருந்த நர்ஸ் கேட்ட முதல் கேள்வியே, "எத்தனை மணிக்கு முழுங்கினான்? அதே மாதிரி பேட்டரி இன்னொண்ணு இருக்கா?" பதிவுச் சீட்டை ஒருவர் நிரப்பும்போதே குழந்தையை எக்ஸ்ரேக்குக் கொண்டுபோய்விட்டார்கள். முன்பக்கமாக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். காசும் பேட்டரியும் படத்தில் ஒரே வட்டமாகத்தான் தெரியும். பேட்டரி என்றால் ஓரத்தில் இரட்டை வளையம் இருக்கும், பக்கவாட்டில் ஒரு சின்னப் படி தெரியும். எங்களுக்குக் காட்டியே விளக்கினார் டாக்டர். அப்புறம் தாமதமே இல்லை, மயக்க மருந்து கொடுத்து எடுத்துவிட்டார்கள்.

வீட்டில் செய்யக்கூடியதையும் அவர் சொன்னார். வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. ஒரு வயது தாண்டிய குழந்தை, விழுங்கி 12 மணி நேரம் ஆகவில்லை, தேனை விழுங்க முடிகிறது என்றால், வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 2 டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், அதிகபட்சம் 6 தடவை. புண் ஆழமாவதை அது கொஞ்சம் தள்ளிப்போடும். தேன் தேடிக்கொண்டு கிளம்பாமல் நிற்கக் கூடாது. வேறு எதுவும் வாயில் கொடுக்க வேண்டாம். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் ஆகாது.

காந்தம் பற்றியும் கேட்டேன். ஒன்றுக்கு மேல் விழுங்கினால் குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்தபடி ஒன்றையொன்று இழுத்து, நடுவில் சிக்கிய குடலைத் துளைத்துவிடும். அதற்கும் உடனே ஓட வேண்டும்.

நான் வாழும் ஆஸ்திரேலியாவில், இந்தப் பேட்டரி போடும் பொருள்களின் மூடியைக் குழந்தை திறக்க முடியாதபடி அமைப்பது 2022 ஜூன் முதல் கட்டாயம். ஊருக்குக் கொண்டுபோகும் மின்னும் பொம்மை, பாடும் வாழ்த்து அட்டை எல்லாவற்றிலும் மூடிக்கு ஸ்க்ரூ இருக்கிறதா என்று பார்த்தே பெட்டியில் வையுங்கள்.

அந்த ஆஸ்பத்திரியில் எனக்கு மிகவும் பிடித்தது டிஸ்சார்ஜ் நாளில் கொடுத்த விளக்கம். பேட்டரி வெளியே வந்த பிறகும் புண் உள்ளே பரவலாம். பக்கத்து ரத்தக்குழாய் வரை அரித்து, சில வாரம் கழித்துக்கூட ரத்தம் கசியலாம். ரத்த வாந்தியோ கறுப்பு மலமோ வந்தால் நேரே அவசரப் பிரிவுக்கு வரச் சொன்னார்கள். பேட்டரி எந்த இடத்தில், எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதையும் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். வேறு ஊரில் காட்ட நேர்ந்தால் அந்த டாக்டர் முதலில் கேட்பது அதைத்தானாம்.