பீப் 5 வைப்பதா, 12 வைப்பதா?

பொது மயக்கத்தில் வென்டிலேட்டர் போடும்போது ஒரு மூச்சுக்கு எவ்வளவு காற்று என்பதில் இப்போது பெரிய சண்டை இல்லை. கிலோவுக்கு 6 முதல் 8 மி.லி., அதுவும் உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடைக்கு. 155 செ.மீ. உயரமுள்ள பெண் 85 கிலோ இருந்தாலும் அவருக்கான கணக்கு 48 கிலோதான். சண்டை பீப்பில், அதாவது மூச்சு வெளியேறிய பிறகும் நுரையீரலுக்குள் விட்டுவைக்கும் அழுத்தத்தில். 5, 12 என்பதெல்லாம் செ.மீ. நீரழுத்தக் கணக்கு.

12 கேட்பவர்களின் வாதம் நியாயமானது. மயக்கத்தில் உதரவிதானம் மேலேறி, நுரையீரலின் முதுகுப்பக்கம் சுருங்கிவிடுகிறது. அதை ஊதித் திறந்து, திறந்தபடியே வைக்க வேண்டும் என்கிறார்கள். 2013இல் வந்த பிரான்சின் இம்ப்ரூவ் ஆய்வில் பெரிய சிக்கல்கள் 27.5 சதவீதத்திலிருந்து 10.5 ஆகக் குறைந்தன. ஆனால் அங்கே பீப் 6 முதல் 8தான். காற்றின் அளவையும் சேர்த்தே குறைத்திருந்தார்கள். பெருமை எதற்குச் சேரும்?

காற்றின் அளவை மாற்றாமல், ஊதித் திறப்பதையும் கூடுதல் பீப்பையும் சோதித்தது 2014இன் புரோவ்ஹிலோ ஆய்வு. வயிற்று அறுவை சிகிச்சைக்கு வந்த 900 பேரில் 12 வைத்தவர்களுக்கு நுரையீரல் சிக்கல் குறையவில்லை. 2019இல் பருமனானவர்களிடம் 12ஐயும் 4ஐயும் ஒப்பிட்ட புரோபீஸும் தெளிவான வித்தியாசம் காட்டவில்லை.

என்னை 5 பக்கம் இழுத்தது இரத்த அழுத்தம். மார்புக்குள் அழுத்தம் ஏறினால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறையும், பிரஷர் இறங்கும். புரோவ்ஹிலோவில் நடந்ததும் இதுதான். உடனே திரவம் ஏற்றுவோம், இரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்தைத் தொடங்குவோம். வயதானவர், காலையிலிருந்து பட்டினி, பிரஷர் மாத்திரை வேறு என்றால் கேட்கவே வேண்டாம். நுரையீரலைக் காக்கப் போய் அதிகமாக ஏற்றிய திரவம் கடைசியில் அதே நுரையீரலில்தான் தேங்கும்.

அதற்காக 5 என்பது கல்வெட்டு அல்ல. மூச்சை உள்ளே செலுத்திக் கணநேரம் நிறுத்தும்போது தெரியும் அழுத்தம் பிளேட்டோ பிரஷர். அதிலிருந்து பீப்பைக் கழித்தால் வருவது டிரைவிங் பிரஷர், அதாவது ஒவ்வொரு மூச்சுக்கும் நுரையீரலை விரிக்கத் தேவைப்படும் அழுத்தம். பீப் 5இல் பிளேட்டோ 20 என்றால் அது 15. பீப்பை 8 ஆக்கியதும் பிளேட்டோ 21 என்றால் 13. நுரையீரல் திறந்திருக்கிறது, 8இலேயே விடுவேன். பிளேட்டோ 25க்குப் போனால் 17. தேவைக்கு மேல் விரிகிறது, 5க்கே திரும்புவேன்.

தலையைத் தாழ்த்திச் செய்யும் ரோபோ அறுவை சிகிச்சையில் எனக்கு அனுபவம் குறைவு. வயிற்றில் நிரப்பிய வாயுவும் பிளேட்டோவை ஏற்றிவிடும் என்பதால் அங்கே இந்தக் கழித்தல் கணக்கை அப்படியே நம்ப முடியாது. இரத்த அழுத்தம் தாங்கினால் பீப்பை 8, 10 வரை கொண்டுபோகிறேன். வாயுவை இறக்கியதும் மறுபடி கணக்குப் பார்த்துக் குறைக்கிறேன்.