அக்கரைப்பேட்டையிலிருந்து ஏழு ஆண்டுகள்: எங்கள் விசைப்படகின் கியர் பெட்டி

நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டைத் துறையில் நிறுத்தும் மர விசைப்படகு எங்களுடையது. இழுவை மடித் தொழில், அதாவது வலையைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டே மீன் பிடிப்பது. எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் ஹைட்ராலிக் கியர் பெட்டியோடு ஏழு ஆண்டுகள் ஓட்டியாயிற்று. படகு வாங்க வருகிறவர்கள் எஞ்சினைத்தான் துருவித் துருவிக் கேட்கிறார்கள். கியரைத் திறந்து காட்டச் சொன்னவர் ஒருவரும் இல்லை. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் எஞ்சின் நிமிடத்துக்கு 1800 சுற்றில் ஓடும்போது, தண்ணீருக்குள் படகைத் தள்ளும் விசிறி ஏறத்தாழ 600 சுற்றுதான் சுற்றும். சுற்று மூன்றில் ஒன்றாகக் குறையும்போது முறுக்கு விசை கிட்டத்தட்ட மூன்று மடங்காகிறது. பெரிய விசிறி நிதானமாகச் சுழன்றால்தான் மடியும் அதன் வாயை விரித்துப் பிடிக்கும் பலகைகளும் இழுபடும்.

பெட்டிக்குள் மூன்று தண்டுகள். எஞ்சினோடு சேர்ந்த தண்டும் அதற்குப் பக்கத்துத் தண்டும் பல்லோடு பல் கோத்து, எதிரெதிர்த் திசையில் எப்போதும் சுழல்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு கிளட்ச், ஒரு சிறிய பல்சக்கரம். இரண்டு சிறிய சக்கரங்களும் விசிறித் தண்டின் பெரிய சக்கரத்தைப் பற்றியே இருக்கின்றன. முன் கியர் போட்டால் ஒரு கிளட்சுக்குள் எண்ணெய் பாய்ந்து தட்டுகளை இறுக்கி, அந்தச் சிறிய சக்கரத்தைத் தண்டோடு பூட்டும். பின் கியருக்கு மற்றொன்று இறுகும். நியூட்ரலில் இரண்டும் தளர்ந்திருக்கும். பற்கள் விலகவோ சேரவோ வேண்டியதே இல்லை. விசிறி படகைத் தள்ளும் விசையையும் இந்தப் பெட்டியிலுள்ள பேரிங்தான் வாங்கிக்கொள்கிறது. எவ்வளவு அழகான ஏற்பாடு!

ஏழு ஆண்டில் ஒரு பல்கூட உடையவில்லை. தொல்லையெல்லாம் எண்ணெய் வழியாகத்தான் வந்தது.

மூன்றாம் ஆண்டு, கியர் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. வெளியே எங்கும் கசிவில்லை. ஒரு விடியற்காலை அளவுக் கம்பியை உருவினால் எண்ணெய் பால் விட்ட தேநீர் நிறத்தில் இருந்தது. கடல் நீரால் எண்ணெயைக் குளிர்விக்கும் ஆயில் கூலரின் குழாயில் உப்பு அரித்து ஓட்டை. ஓடும்போது அழுத்தத்தால் எண்ணெய் கடலுக்குப் போயிருக்கிறது. எஞ்சின் நின்றதும் கடல் நீர் உள்ளே வந்திருக்கிறது. குழாய்க்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்கென்றே கூலரில் வைத்திருக்கும் துத்தநாகக் கட்டை முழுவதும் கரைந்துபோயிருந்தது. அதை மாற்றாமல் விட்டது என் தவறு. சில நூறு ரூபாய்ப் பொருளுக்காகப் பெட்டியையே பிரித்துப் பேரிங்குகளை மாற்ற வேண்டியதாயிற்று.

ஐந்தாம் ஆண்டு நடந்ததை மறக்க முடியாது. கோடியக்கரைக்கு அப்பால் மடி இழுத்துக்கொண்டிருந்தபோது எஞ்சின் சுற்று திடீரென ஏறியது, படகோ நகரவில்லை. வழக்கமாக 14 கிலோ காட்டும் அழுத்தமானி 6-க்கு இறங்கியிருந்தது. கிளட்சுக்கு எண்ணெய் கொண்டுபோகும் இடத்தில் சீல் வளையங்கள் தேய்ந்திருந்தன என்பது பிறகு தெரிந்தது. மடியை ஏற்றிவிட்டு எஞ்சினை நிறுத்தினோம். இந்த வகைப் பெட்டியில் முன் கிளட்ச் தட்டுகளை நேரடியாக இறுக்கும் அவசர போல்ட்டுகள் உண்டு. அவற்றை ஒரே சீராக முறுக்கி, குறைந்த வேகத்தில் திரும்பினோம். அதன்பின் நியூட்ரலும் இல்லை, பின் கியரும் இல்லை. எஞ்சினைக் கிளப்பினாலே படகு பாயும். கடுவையாற்று முகத்துவாரத்துக்குள் நுழைந்து, கரைக்கு வெகு தூரத்திலேயே எஞ்சினை நிறுத்தினோம். பக்கத்துப் படகுக்காரர்கள் கயிறு வீசி இழுத்துக் கட்டினார்கள். அந்த போல்ட்டுகள் எங்கே இருக்கின்றன என்று உங்கள் ஓட்டுநருக்குத் தெரியுமா? இன்றே கேளுங்கள்.

பழுதான படகைக் கட்டி இழுத்து வரும்போதும் கவனம் வேண்டும். எஞ்சின் நின்றிருக்க, தண்ணீர் விசிறியைச் சுழற்றும். எங்கள் பெட்டியில் எண்ணெய்ப் பம்பு எஞ்சின் ஓடினால்தான் ஓடும். பேரிங்குகள் வறண்டு தீய்ந்துவிடும் என்பதால், விசிறி சுழலாதபடி அதன் சாஃப்டைக் கட்டிவிடுகிறோம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றுகிறோம். கியருக்கும் சாஃப்டுக்குமான நேர்கோட்டைக் கரையில் பார்த்துவிட்டு அதோடு நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். மரப் படகு தண்ணீரில் இறங்கியதும் வளைந்து கொடுக்கும். நாங்கள் இரண்டு நாள் மிதக்கவிட்டு, கியரையும் சாஃப்டையும் இணைக்கும் கப்ளிங்கின் நான்கு பக்கமும் இடைவெளி அளந்து, வேறுபாட்டை 0.1 மில்லிமீட்டருக்குள் கொண்டுவருகிறோம். இதைத் தொடங்கிய பிறகு சாஃப்டின் அதிர்வு குறைந்தது. எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவிலுள்ள ரப்பர்களும் முன்பைவிட நீடித்து உழைக்கின்றன.

வரும் தடைக்காலத்தில் கிளட்ச் தட்டுகளை மாற்றப்போகிறேன். பல்சக்கரங்கள் அப்படியே இருக்கும்.