மயிலாப்பூரில் ஒரு சிறுதானியச் சாப்பாடு

சர்க்கரையையும் எடையையும் கட்டுக்குள் வைக்க வேண்டிய என் தாயாருடன், மயிலாப்பூரில் உள்ள ஒரு சிறுதானிய உணவகத்தில் மூன்று மாதங்களாக மதிய உணவு உண்டு வருகிறேன். வரகரிசிச் சோறு குழையாமல், பருக்கை பருக்கையாக இலையில் விழுகிறது. கொள்ளு ரசமும் அவரைக்காய்ப் பொரியலும் கேட்காமலேயே இரண்டாம் முறை வருகின்றன. பருப்பின் புரதமும் காயின் நாரும் சேரும்போது மாவுச்சத்து மெதுவாகச் செரிப்பதால், மாலை வரை பசி எடுப்பதில்லை.

ஓர் உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு உயர்த்துகிறது என்பதை, குளுக்கோஸை 100 எனக் கொண்டு அளக்கும் கிளைசெமிக் குறியீட்டில், 55-உம் அதற்குக் கீழும் உள்ளவையே குறைந்தவை. ஆனால், நைசாக அரைத்து நெடுநேரம் காய்ச்சிய கேழ்வரகுக் கூழையும் உணவகத்தார் தங்கள் பட்டியலில் குறைந்த குறியீட்டு உணவுகளின் வரிசையில் சேர்த்திருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமளித்தது. அவ்வாறு காய்ச்சிய மாவு விரைவில் சர்க்கரையாகிவிடும். அதைத் தாயாருக்கு வாங்கித் தருவதில்லை. வரகுச் சோற்றுக்காகவே தொடர்ந்து போகிறோம்.