ஆக்ஸ்ஃபாம்: நன்கொடையை நிறுத்துவதா, தொடர்வதா?

2010 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஹைட்டிக்கு நிவாரணப் பணிக்குப் போன, பிரிட்டனின் தொண்டு நிறுவனமான ஆக்ஸ்ஃபாமின் ஊழியர்கள் சிலர், அங்கே பணம் கொடுத்துப் பாலுறவு கொண்டார்கள். 2011-இல் உள்விசாரணை நடந்தது. நால்வர் நீக்கப்பட்டார்கள், மூவர் தாமாகவே விலகினார்கள். பொதுமக்களுக்கு முழு விவரம் தெரிந்தது 2018 பிப்ரவரியில்தான், அதுவும் பத்திரிகை வழியாக. அடுத்த பத்து நாளில் சுமார் 7,000 பேர் மாத நன்கொடையை நிறுத்தினார்கள்.

நிறுத்தியவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. தப்பு செய்தது சிலர். ஆனால் நன்கொடை கொடுத்தவர்களிடம் ஏழு வருஷம் பூசி மெழுகியது நிறுவனம். பணம் நின்றால்தான் மேலே இருப்பவர்களுக்கு உறைக்கும் என்பதும் உண்மைதான். ஆக்ஸ்ஃபாமின் துணைத் தலைமை நிர்வாகி அந்தப் பிப்ரவரியிலேயே பதவி விலகினார்.

சரி, நின்ற பணம் யாரைத் தொட்டது? அந்த ஆண்டே 1.6 கோடி பவுண்டு செலவைக் குறைக்க வேண்டிய நிலை வந்தது. தப்பு செய்தவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். முகாமில் தண்ணீருக்குக் காத்திருப்பவரின் பங்குதான் குறைந்தது. தொடர்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. மாதம் தவறாமல் வரும் சிறு தொகையை நம்பித்தான் இப்படிப்பட்ட வேலைகளைத் திட்டமிட முடியும்.

நான் தொடர்வேன், ஆனால் கேள்வியோடு. 2019 ஜூனில் பிரிட்டனின் அறக்கட்டளை ஆணையம் ஆக்ஸ்ஃபாமுக்கு அதிகாரபூர்வ எச்சரிக்கை கொடுத்தது. அதில் சொன்ன குறைகளை என்ன செய்தீர்கள் என்று எழுதிக் கேட்பேன். பதில் வராவிட்டால் அதே தொகையை அதே மாதம் வேறொரு நிவாரண அமைப்புக்கு மாற்றிவிடுவேன்.