உமி அடுப்பு: ஒன்றரை வருஷம், மூணு மோட்டார்

போன வாரம்தான் என் உமி அடுப்பின் ஃபேன் மோட்டாரை மாற்றினேன். இது மூன்றாவது. அந்தக் கடுப்பு அடங்குவதற்குள் பர்மாவின் இன்னொரு ஊரான மோல்மேனிலிருந்து மச்சானின் போன்: "மச்சான், உமி அடுப்பு ஒன்னு பார்த்து வெச்சிருக்கேன், எடுக்கட்டுமா?"

உள்ளே உமி கேஸாகி, அடியில் ஃபேன் ஊதும் காற்றில் மேலே வந்து எரியும் அடுப்பு இது. நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தீ பிடித்துவிட்டால் கேஸ் அடுப்பு மாதிரி நீலமாக எரியும். சட்டி அடியில் கரி பிடிக்காது. ரங்கூனில் கரண்டை நம்பி உலை வைக்க முடியாது, அதனால் முன்பெல்லாம் மூட்டைக் கரிதான். ஐராவதி டெல்டாவின் அலையாத்திக் காடுகள் கரிக்காகவும் விறகுக்காகவும் எவ்வளவு அழிந்தன என்பது 2008 நர்கிஸ் புயலில் கடல் தடுப்பாரின்றிப் பொங்கி வந்தபோது எல்லோருக்கும் தெரிந்தது. போதாததற்கு, மரத்தைக் கரியாக்கும்போதே அதிலிருக்கும் சூட்டில் பாதிக்கு மேல் சூளையிலேயே போய்விடுகிறது. உமிக்கு எந்த மரத்தையும் வெட்ட வேண்டாம். நெல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அதுதான், மில்லுக்குப் பின்னால் மலையாகக் கிடக்கும். எரிந்து வெளியேறும் கார்பனும் அந்தப் போகத்துப் பயிர் காற்றிலிருந்து எடுத்ததே.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் முழுசாக எரிந்தால்தான்! அடியில் இருக்கும் அந்தச் சின்ன ஃபேன், சூட்டிலும் உமித் தூசியிலும் கிடந்து மாய்கிறது. பருப்பு பாதி வெந்திருக்கும்போது 'ர்ர்' என்று இழுத்து நிற்கும். அவ்வளவுதான், நீலத்தீ அணைந்து வெள்ளைப் புகை குபுகுபுவென்று கிளம்பும். அதோடு கண்ணுக்குத் தெரியாமல் எரியாத கேஸும் வரும்: கார்பன் மோனாக்சைடு, கொஞ்சம் மீத்தேன். மீத்தேனோ நூறு வருஷக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு சூடேற்றக்கூடியது. மழைக்காலத்தில் உமி நமுத்துவிட்டால் பற்றவைக்கும்போதே இந்தக் கூத்துதான். மேல் மாடி ஆச்சி ஜன்னலை அறைந்து சாத்துவார். அவரிடம் போய் நெற்பயிரும் கார்பனும் பேச முடியுமா?

எதிர்பாராமல் கிடைத்தது உமிக்கரி. தீ அடங்கியதும் தட்டில் கொட்டித் தண்ணீர் தெளித்தால் சாம்பலாகாமல் கறுப்பாக நிற்கும். அப்பாயி பல் துலக்கிய அதே சரக்கு. நான் மல்லிகைத் தொட்டியில் போடுகிறேன். மண்ணுக்குள் போன அந்தக் கார்பன் சீக்கிரம் காற்றுக்குத் திரும்பாது. செடியும் இந்த வருஷம் வஞ்சனையில்லாமல் பூத்தது.

மச்சானிடம் "வேண்டவே வேண்டாம், காசுக்குப் பிடித்த கேடு" என்றேன். போனை வைத்துவிட்டு மோட்டார் கடைக்காரரிடம் இன்னொன்று எடுத்து வைக்கச் சொன்னேன்.