கரன்ட் பில்லே வராது என்று விற்கப்படும் துபாய் வீடுகள்: முன்பணம் கட்டுமுன் படியுங்கள்

துபாய் வீட்டுக் கண்காட்சி இப்போது சென்னை ஓட்டல்களிலேயே நடக்கிறது. மேஜை மேல் ஒரு மாதிரி நகரம்: நடுவில் ஏரி, சுற்றிலும் மரம், வீட்டுக்கு வீடு சோலார் தகடு. ‘கரன்ட் பில் பூஜ்யம், இன்றைக்கே கட்டினால் இந்த விலை’ என்பார்கள். இதை நம்பிக் கட்டியவர்கள் பிற்பாடு மாட்டிக்கொள்ளும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றேதான்.

முதலில் அந்தப் பூஜ்யம். துபாயில் 1 கிலோவாட் தகடு ஆண்டுக்குச் சுமார் 1,700 யூனிட் தரும். வில்லாவுக்கு 5 கிலோவாட் வைத்தால் மாதம் 700 யூனிட். ஏசி ஓடும் ஜூலையில் அதே வில்லா 4,000 யூனிட் இழுக்கும். மீதி 3,300க்கு முதல் 2,000 யூனிட்டுக்குத் தலா 23 ஃபில்ஸ் (100 ஃபில்ஸ் ஒரு திர்ஹம்), அடுத்ததற்கு 28 ஃபில்ஸ் என்று போட்டாலே 824 திர்ஹம். எரிபொருள் கூடுதல் கட்டணம், தண்ணீர், வாட் வரி எல்லாம் தனி. துபாயின் மின்சார, குடிநீர் வாரியமான தேவாவின் பில்லிலேயே வீட்டுக் கட்டணம் என்று இன்னொரு வரியும் வரும்: ஆண்டு வாடகை மதிப்பில் 5 சதவீதம், பன்னிரண்டாகப் பிரித்து. வாடகை மதிப்பு 1,20,000 திர்ஹம் என்றால் மாதம் 500. சொந்தக்காரரும் கட்டத்தான் வேண்டும். கூரை முழுக்கத் தகடு வேய்ந்தாலும் இந்த 500 குறையாது. உபரி மின்சாரத்துக்குக் காசும் கிடையாது. அடுத்த மாதக் கணக்கில் யூனிட்டாக வரவு வைப்பார்கள், அவ்வளவே.

அந்த வரவு யார் கணக்கில் விழுகிறது என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். தகடு உங்கள் கூரையில் இருக்கும். மீட்டர் பொதுப் பகுதிக் கணக்கில் இணைந்திருக்கும். ‘அதனால் பராமரிப்புக் கட்டணம் குறையும்’ என்று சமாதானம் சொல்வார்கள். நெட் மீட்டர் (வாங்கிய யூனிட்டில் கொடுத்த யூனிட்டைக் கழிக்கும் மீட்டர்) எந்தத் தேவா கணக்கில், தகடு யாருக்குச் சொந்தம், தகட்டு மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டர் போனால் யார் மாற்றுவது என்ற மூன்றும் ஒப்பந்த இணைப்பில் எழுத்தில் இருக்க வேண்டும்.

பாலைவனம் என்றால் வெயிலுக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் தகட்டுக்கு வெளிச்சம்தான் வேண்டும், சூடு ஆகாது. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி சுமார் 0.35 சதவீதம் இறங்கும். ஆகஸ்ட் மதியம் தகடு 65 டிகிரிக்குப் போனால் 14 சதவீதம் காலி. இரவுப் பனி தூசியோடு குழைந்து, காலையில் அடைபோலக் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். குழாய் நீரைப் பீய்ச்சினால் போகாது, துடைத்துத் தேய்க்க வேண்டும். அதற்கு ஆள் கூலி எந்தக் கணக்கில் என்று கேட்டால் விற்பவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அடுக்குமாடி என்றால் கதை வேறு: ஒரே நிலையத்திலிருந்து பல கட்டடங்களுக்குக் குளிர்நீர் அனுப்பும் மையக் குளிரூட்டல். பில்லில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று ஓடிய அளவுக்கு. மற்றது உங்கள் வீட்டுக்கு ஒதுக்கிய டன்னுக்கு. டன்னுக்கு ஆண்டுக்கு 750 திர்ஹம் என்று வைத்துக்கொண்டால், 5 டன் ஒதுக்கிய ஃபிளாட்டைப் பூட்டிவிட்டு ஊருக்கு வந்திருந்தாலும் 3,750 கட்டியாக வேண்டும். 3 டன் போதுமான வீட்டுக்கு 5 டன் எழுதியிருப்பது அபூர்வமல்ல. சாவி வாங்கிய பின் அதைக் குறைப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். ‘சில்லர் ஃப்ரீ’ (குளிரூட்டலுக்குக் கட்டணமில்லை) என்ற விளம்பரத்துக்குப் பெரும்பாலும் அந்தச் செலவு பராமரிப்புக் கட்டணத்திலோ தேவா பில்லிலோ ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஏரி, பூங்கா, சைக்கிள் பாதை எல்லாவற்றுக்கும் சதுர அடிக் கணக்கில் பணம் வாங்குவார்கள். கட்டடத்துக்கு ஒன்று, முழுக் குடியிருப்புக்கு ஒன்று என இரண்டு அடுக்கு. விற்கும்போது சொல்வது மதிப்பீடு மட்டுமே. சதுர அடிக்கு 3 திர்ஹம் ஏறினால் 1,400 சதுர அடிக்கு ஆண்டுக்கு 4,200 கூடும். பக்கத்தில் ஏற்கெனவே குடியேறிய திட்டத்தின் கட்டணம் துபாய் நிலத்துறையின் பட்டியலில் இருக்கும். அதைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள்.

‘பசுமைச் சான்று’ என்றாலும் மயங்க வேண்டாம். அபுதாபியில் எஸ்திதாமா என்ற பசுமைத் தரவரிசையின் கடைசிப் படியான ‘ஒரு முத்து’ 2010 முதல் புதிய கட்டடங்களுக்குக் கட்டாயம். துபாயில் சஃபாத் என்ற தரவரிசையின் அடிப்படை நிலையும் அப்படியே. ஹெல்மெட் போட்டேன் என்று பரிசு கேட்பதுபோல. அபுதாபியின் மஸ்தார் என்ற பசுமை நகரம் 2006இல் தொடங்கியபோது 2016க்குள் முடியும், கார்பனே வெளியேறாது என்றார்கள். அரசுப் பணம் பின்னால் நின்ற திட்டமே 2030க்குத் தள்ளிப்போனது. அங்கே காருக்குப் பதிலாக ஓடவிருந்த ஓட்டுநரில்லா வண்டி சின்னதொரு துண்டுப் பாதையோடு நின்றுவிட்டது.

இனி பணம். துபாயின் 2007ஆம் ஆண்டு 8ஆம் எண் சட்டப்படி, கட்டி முடியாத வீட்டுக்கான பணம் அந்தத் திட்டத்தின் எஸ்க்ரோ கணக்குக்குத்தான் (அந்தத் திட்டத்துக்கு மட்டுமே செலவிடக்கூடிய தனிப் பாதுகாப்புக் கணக்கு) போக வேண்டும். புரோக்கர் பெயருக்கோ, கம்பெனியின் நடப்புக் கணக்குக்கோ ஒரு திர்ஹம்கூட வேண்டாம். நிலத்துறையின் துபாய் ரெஸ்ட் செயலியில் திட்டத்தின் பெயரைப் போட்டுக் கணக்கு எண்ணையும் கட்டுமானச் சதவீதத்தையும் பாருங்கள். 4 சதவீதப் பதிவுக் கட்டணம் கட்டிய பின் ஓகூத் பதிவு (கட்டி முடியாத வீட்டுக்கான பதிவு) உங்கள் பெயரில் வந்ததா என்று கேளுங்கள். இந்தியாவிலிருந்து அனுப்பினால் ஒருவருக்கு நிதியாண்டில் 2,50,000 டாலர்தான் வரம்பு. 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு 20 சதவீத டிசிஎஸ் (வங்கி முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடிப்பார்கள். வருமானவரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும், ஆனால் தவணை நேரத்தில் கை கடிக்கும்.

தவணை நின்றால் என்ன ஆகும் என்று கண்காட்சியில் யாரும் சொல்வதில்லை. நிலத்துறை வழியாக 30 நாள் நோட்டீஸ் வரும். கட்டுமானம் தொடங்கி 60 சதவீதத்தை எட்டாதிருந்தால் வீட்டு விலையில் 25 சதவீதம் வரை கம்பெனி எடுத்துக்கொள்ளலாம். 60ஐத் தாண்டிவிட்டால் 40 சதவீதம் வரை. கட்டிய தொகையில் அல்ல, விலையில்! 10 லட்சம் திர்ஹம் வீட்டுக்கு 2 லட்சம் கட்டி நிறுத்தினால் அந்த 2 லட்சமும் போச்சு.

சாவி வாங்கும் நாளில் வரவேற்பறையில் பூங்கொத்தோடு படம் எடுத்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். மதியம் 2 மணிக்குப் போய் ஏசியை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, அறைக் காற்றுக்கும் குளிர்காற்றுக்கும் 8 முதல் 11 டிகிரி வித்தியாசம் இருக்கிறதா என்று பாருங்கள். ஏசியின் வடிநீர்த் தட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். நின்றுவிட்டால் குழாய்ச் சரிவு தப்பு, பின்னால் ஃபால்ஸ் சீலிங் ஊறி விழும். மின், குழாய், ஏசி வேலைகளுக்கு ஒப்படைத்ததிலிருந்து ஓர் ஆண்டுதான் பொறுப்பு. கட்டமைப்புக்குப் பத்து ஆண்டு. டிசம்பரில் சாவி வாங்கியவர்கள் அடுத்த ஆகஸ்டில் வீட்டைப் பூட்டியே வைத்திருந்தாலும் ஒரு முறை யாரையாவது அனுப்பி ஏசியைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கடுத்த ஆகஸ்டில் கெட்டால் செலவு உங்களுடையது.